அரைக் கிலோ உருளையில் கால் கிலோதான் போட வேண்டும்: காப்பிக் கொட்டை வறுக்கும் கைச்சுற்று உருளை

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பழைய வீட்டுப் பரண்களில் இந்த உருளையைப் பார்க்கலாம். தகரப் பட்டறையில் அளவு சொன்னால் புதிதாகவும் செய்து தருவார்கள். இரும்புத் தகட்டைச் சுருட்டிய உருளை, நடுவே அச்சுக்கம்பி, ஒரு முனையில் கைப்பிடி, பக்கத்தில் தள்ளித் திறக்கும் மூடி, அடுப்பின் மேல் நிற்க இரண்டு தாங்கிகள். அவ்வளவுதான் சாமான்.

வாணலியில் வறுத்தால் கொட்டையின் தட்டைப் பக்கம் இரும்போடு ஒட்டிக் கருகும், நடுப்பகுதி வேகாது. அதனால் ஒரே டிகாக்‌ஷனில் கரிவாடையும் புளிப்பும் சேர்ந்து வரும். உருளையில் கொட்டை புரண்டுகொண்டே இருப்பதால் நிறம் ஒன்றுபோல் ஏறும். பீபெரி என்னும் உருண்டைக் காப்பிக் கொட்டைக்கு இதைவிட நல்ல பாத்திரம் வீட்டில் கிடையாது. பிளாண்டேஷன் ஏ என்னும் தட்டைக் கொட்டை ரகம் கொஞ்சம் வழுக்கும், வேகமாகச் சுற்ற வேண்டும்.

வாங்கும்போது மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பாருங்கள். நீளவாக்கில் மூன்று தகட்டுத் துண்டுகள் பற்றவைத்திருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் கொட்டை மொத்தமும் ஒரே குவியலாக அடியில் சறுக்கும், எவ்வளவு சுற்றினாலும் கலக்காது. பளபளவென்று துத்தநாகம் பூசிய தகடு வேண்டவே வேண்டாம், கறுப்பு இரும்புத் தகடாகக் கேளுங்கள். கைப்பிடியில் மரக்கட்டை அவசியம்.

‘அரைக் கிலோ உருளை’ என்பார்கள். நம்பிப் போடாதீர்கள். வறுபடும்போது கொட்டை ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் பருக்கும். பிறகு புரள இடமிருக்காது. 250 கிராம்தான் சரி.

வெறும் உருளையை மிதமான தீயில் 5 நிமிடம் சூடாக்கிவிட்டுக் கொட்டையைப் போடுங்கள். நிமிடத்துக்கு 40, 50 சுற்று. நான்கைந்து நிமிடத்தில் பச்சை மாறி மஞ்சளாகும், ஈர வைக்கோல் வாசம் வரும். அது ரொட்டி சுடும் வாசமாக மாறிய பிறகு, 10 நிமிடம் வாக்கில், பொரி பொரிவதுபோல் சத்தமாக முதல் வெடி. அங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: தீயைக் குறைக்காமல் விட்டால் அடுத்த கட்டம் ஓட்டமாக வந்து எண்ணெய் கக்கிவிடும். வெடி தொடங்கியதுமே தீயைப் பாதியாக்குங்கள். சத்தம் அடங்கி, இரண்டு மூன்று நிமிடத்தில் மெல்லிய சடசடப்பு ஒன்றிரண்டு கேட்டதும் இறக்கிவிடுங்கள். பால் சேர்க்கும் ஃபில்டர் காப்பிக்கு அதுதான் பதம். உருளைக்குள் விட்டால் உள்சூட்டிலேயே மேலும் கறுக்கும்.

பெரிய கண் எஃகுச் சல்லடையில் கொட்டி, மின்விசிறிக்கு நேரே நான்கு நிமிடம் குலுக்குங்கள். சூடு தணிந்ததும் முறத்தில் புடைத்தால் சவ்வுத் தோல் பறந்துவிடும். சாணம் மெழுகிய முறத்தில் மட்டும் வேண்டாம், அந்த வாசத்தைக் கொட்டை பிடித்துக்கொள்ளும். பிறகு எடை போடுங்கள். 250 கிராம் 210 அளவில் நிற்க வேண்டும். 225 இருந்தால் வேகவில்லை, 200க்குக் கீழே போனால் தீய்ந்துவிட்டது. கண்ணைவிடத் தராசு நம்பகமானது. ஐப்பசி, கார்த்திகையில் பச்சைக் கொட்டை ஈரம் இழுத்திருக்கும், ஓரிரு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.

அன்றே அரைக்காதீர்கள். கொட்டைக்குள் இருக்கும் வாயு வெளியேற ஒரு நாளாவது வேண்டும். இல்லாவிட்டால் ஃபில்டரில் பொடி நுரைத்துப் பொங்கி, டிகாக்‌ஷன் நீர்த்து இறங்கும். சிக்கரியை இதில் வறுக்க வேண்டியதில்லை, அது வேர், வறுத்த பொடியாகவே கடையில் வருகிறது.

உருளையின் பெரிய குறை, சவ்வுத் தோல் உள்ளேயே தங்குவது. அடுத்த முறை அது கருகிப் புகைநாற்றம் ஏற்றும். சோப்பு போடாமல், ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

வறுத்த பார்லித் தண்ணீருக்கும் இதே உருளை உதவும்: 200 கிராம், சிறு தீ, 12 முதல் 15 நிமிடம், செம்பழுப்பு நிறம். கோதுமைக்கும் அப்படியே. கேழ்வரகுக்கு மட்டும் வாணலியே மேல், மூடி இடுக்கு வழியாக அடுப்பில் கொட்டிவிடும்.