வளர்ந்த ஆமையோடு வரும் பழைய செட்: எது தேறும், எது தேறாது

பத்து, இருபது வயதான நில ஆமையை ஒருவர் வைத்துக்கொள்ள முடியாமல் கொடுக்கும்போது ஆமை தனியாக வருவதில்லை. கண்ணாடித் தொட்டி, இரண்டு பல்பு, ஒட்டவைக்கிற தெர்மாமீட்டர், சூடேறும் கல், ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டி, பாதி தீர்ந்த தீவன டப்பா என்று மொத்த செட்டும் கூடவே வரும். "எல்லாமே இருக்கு, நீங்க எதுவும் வாங்க வேண்டாம்" என்று சொல்லித்தான் தருவார்கள். அந்த செட்டில் எது உதவும் என்பதுதான் இந்த மதிப்பீடு. குஞ்சாக இருந்தபோது வாங்கிய சாமான் அது. ஆமை வளர்ந்துவிட்டது, செட் வளரவில்லை. வளர்ந்த ஆமையை ஏற்பதில் வரும் சிரமங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

கீழே உள்ள அளவுகள் ஹெர்மன் ஆமை, ரஷ்ய ஆமை போன்ற சிறிய இனங்களுக்கு. சிவப்புக்கால் ஆமைக்கு 70 முதல் 80 சதவீத ஈரப்பதம் வேண்டும். சல்காட்டா என்ற பெரிய ஆமை 50 கிலோவையும் தாண்டும். அவற்றுக்கு இந்த செட் எதற்கும் ஆகாது.

முதலில் யூவிபி பல்பு, அதாவது வெயிலில் உள்ள புற ஊதா பி கதிரைத் தரும் விளக்கு. பளிச்சென்று எரிகிறதே என்று அப்படியே மாட்டிவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வருடக்கணக்கில் இருக்கும், யூவிபி கதிர் அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும். அது இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் தூவினாலும் எலும்பிலும் ஓட்டிலும் சேராது. டி5 டியூப் (மெல்லிய, நீளக் குழல் விளக்கு) என்றால் ஒரு வருடம், சுருள் பல்பு என்றால் ஆறு மாதம் என்பது பொதுக்கணக்கு. வாங்கிய தேதி யாருக்கும் நினைவிருக்காது என்பதால் பழையதைக் கழித்துவிடுவதே சரி. தொட்டியின் பாதி நீளத்துக்காவது வரும் டி5 டியூபை ரிஃப்ளெக்டரோடு வாங்கி, மேலிருந்து நேர்கீழாக விழும்படி மாட்டுங்கள். பக்கவாட்டிலிருந்து விழும் கதிர் நேராகக் கண்ணில் படும். நடுவில் கண்ணாடி மூடி இருந்தால் யூவிபி ஏறக்குறைய முழுவதும் தடைபடும். கம்பி மெஷ்ஷும் கணிசமான பங்கைப் பிடித்துக்கொள்ளும்.

தூரத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். தரையிலிருந்து பல்பு 30 செ.மீ. உயரத்தில் மாட்டப்பட்டிருக்கும். குஞ்சுக்கு அது பொருந்தியது. இப்போது தோண்டுவதற்காக 10 செ.மீ. மண் போடுகிறீர்கள், ஆமையின் ஓடு இன்னொரு 10 செ.மீ. உயரம். மிச்சம் 10 செ.மீ. மட்டுமே. புது டியூபை அந்த உயரத்திலேயே மாட்டினால் சில நாளில் கண் வீங்கும், ஆமை கண்ணைத் திறக்காமல் மூலையில் கிடக்கும். "புது இடம் பிடிக்கவில்லை போல" என்று அதைத் தவறாக எடுத்துக்கொள்வார்கள். தூரத்தை எப்போதும் ஓட்டின் உச்சியிலிருந்து அளக்க வேண்டும். யூவி அளவைக் காட்டும் சோலார்மீட்டர் 6.5 கருவி இரவல் கிடைத்தால், வெயில் காயும் இடத்தில் ஓட்டின் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். யூவி இண்டெக்ஸ் 3 முதல் 5 வரை இருந்தால் போதும்.

ஹீட் பல்பு ஸ்பாட் வகையாக இருந்தால் அதுவும் தேறாது. ஸ்பாட் பல்பின் சூடு உள்ளங்கை அளவு இடத்தில்தான் விழும். வளர்ந்த ஆமைக்கு ஓட்டின் நடுப்பகுதி கொதிக்கும், கால்கள் குளிர்ந்தே இருக்கும். உடம்பு முழுக்கச் சூடேறாததால் மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும், ஓடு மேலும் காயும். சூட்டை அகலமாகப் பரப்பும் இரண்டு ஃப்ளட் பல்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, ஆமையின் முழு உடம்பும் அடங்கும் வட்டத்துக்கு 35 டிகிரி செல்சியஸ் வரும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள். எதிர்முனை 20 முதல் 22 டிகிரிக்குள் இருக்கட்டும். ஒட்டுகிற தெர்மாமீட்டர் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். வயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் வகை வாங்குங்கள்.

சூடேறும் கல்லை யோசிக்காமல் ஒதுக்குங்கள். ஆமை சூட்டை மேலிருந்து எதிர்பார்க்கும் பிராணி. அடியிலிருந்து சுடும்போது விலகத் தெரியாமல் அடி ஓடு வெந்துபோகும்.

கண்ணாடித் தொட்டியில் ஆமைக்குச் சுவர் தெரியாது. முட்டி முட்டி, சுவரோரமாகவே நடந்துகொண்டிருக்கும். உடனடித் தீர்வாக வெளிப்பக்கம் 15 செ.மீ. உயரத்துக்கு அட்டை ஒட்டுங்கள். நிரந்தர ஏற்பாடு என்றால் மேல் திறந்த மரத்தொட்டி, 240 x 120 செ.மீ. அளவில்.

தீவன டப்பாவும் திறந்து கிடக்கும் வைட்டமின் பொடியும் வேண்டாம். ஆனால் ஆமை என்ன தின்று பழகியது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லெட்யூஸும் வெள்ளரியும் மட்டுமே தின்ற ஆமை நார்ச்சத்துள்ள இலையை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். பழைய உணவோடு பத்தில் ஒரு பங்கு புது இலையைப் பொடியாக நறுக்கி, ஈரத்தோடு பிசறி வையுங்கள். ஒட்டிக்கொண்டால் பிரித்துத் தின்ன முடியாது. வாரம்தோறும் பங்கைக் கூட்டுங்கள், மாதக்கணக்கில் ஆகலாம். நாய், பூனைத் தீவனம் கொடுத்து வளர்த்ததாகச் சொன்னால் சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை அவசியம். ஓட்டில் ஏற்கெனவே எழும்பிய மேடுகள் இனி இறங்காது. அதைச் சரிசெய்வதாக விற்கும் எண்ணெய்க்குக் காசு செலவழிக்காதீர்கள்.

செட்டில் இல்லாத, ஆனால் முதல் நாளே வாங்க வேண்டிய பொருள் சமையலறை டிஜிட்டல் தராசு. வாரம் ஒருமுறை, வெதுவெதுப்பான நீரில் உட்காரவைப்பதற்கு முன்னால் எடை போடுங்கள். ஆமை சிறுநீர்ப்பையில் நிறைய நீர் சேர்த்துவைக்கும்; நீரில் உட்கார்ந்து சிறுநீர் கழித்துவிட்டால் எடை சட்டென்று இறங்கிப் பயமுறுத்தும். எடை போட்ட பிறகு மேல் ஓடும் அடி ஓடும் சேரும் கோடு வரை அந்த நீரில் 20 நிமிடம். வெளிவரும் வெள்ளைக் கழிவு பற்பசை போல மிருதுவாக இருந்தால் நல்லது. மணல் போல நறநறத்தால் நீர்ச்சத்து போதவில்லை.

ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் மலப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுங்கள். துணை இல்லாமலே பெண் ஆமை முட்டையிடும், தோண்ட இடமில்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கிவிடும்; எக்ஸ்ரே அதற்குத்தான். புழு மருந்தாக ஐவர்மெக்டின் வேண்டவே வேண்டாம், ஆமையைக் கொன்றுவிடும். வீட்டில் வேறு ஆமை இருந்தால் குறைந்தது ஆறு மாதம் தனி அறை, தனிப் பாத்திரம். ஹெர்பிஸ் வைரஸ் வெளியே அறிகுறி காட்டாமல் உள்ளே இருக்கக்கூடும். உங்களைப் பொறுத்தவரை, ஆமையைத் தொட்டதும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள், சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி உண்டு. உரிமைக் காகிதத்தை ஆமையை வாங்கும் முன்பே பாருங்கள். நில ஆமைகள் சைட்ஸ் (அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பவை, நட்சத்திர ஆமை 2019 முதல் அதன் மிகக் கடுமையான பிரிவான முதலாம் இணைப்பில் இருக்கிறது.

பழையதில் அவசியம் வைத்துக்கொள்ள வேண்டியது அந்த மரப்பெட்டி. கறைபட்டிருக்கும், மூலை தேய்ந்திருக்கும், இருக்கட்டும். வெளிச்சம், சூடு, மண், சாப்பாடு எல்லாம் மாறும்போது ஆமைக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். உள்ளே நுழைந்து திரும்ப முடிகிறதா, கூரை ஓட்டில் உரசுகிறதா என்று மட்டும் பாருங்கள். உரசினால் பெட்டியை மாற்ற வேண்டாம். நான்கு மூலையிலும் செங்கல் வைத்து உயர்த்தி, அசையாதபடி மண்ணில் பதித்துவிடுங்கள்.