எந்த மேஜிக்கை ஆடுவது? ஸ்டாண்டர்ட், மாடர்ன், கமாண்டர், பாப்பர்: ஓர் ஒப்பீடு

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டம் இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு பதில் வரும், இரண்டும் சரியாகவே இருக்கும். விற்பனையைப் பார்க்கிறவர், 2025 ஜூன் 13 அன்று வெளிவந்த ஃபைனல் ஃபேன்டஸி செட் (ஒரு தொகுதியாக வெளியிடும் புதுக் கார்டுகள்) ஒரே நாளில் 20 கோடி டாலருக்குப் போனதைச் சொல்வார். 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய நாள் தொட்டு இந்த ஆட்டத்தில் எந்தச் செட்டும் அப்படி விற்றதில்லை. மேசையில் உட்கார்ந்து ஆடுகிறவர், அதே மாதம் 30-ஆம் தேதி ஸ்டாண்டர்ட் என்ற ஆட்ட முறையில் ஏழு கார்டுகளுக்கு ஒரே நாளில் தடை விழுந்ததைச் சொல்வார்.

அதனால் மேஜிக்கை ஒரே ஆட்டமாக வைத்துப் பேசினால் பேச்சு எங்கும் போய்ச் சேராது. எந்த ஃபார்மட் (எந்தக் கார்டுகள் செல்லும், எப்படி ஆடுவது என்ற விதிமுறை) என்று முதலில் கேட்க வேண்டும். நான்கு ஃபார்மட்டுகளை இங்கே எடைபோடுகிறோம். எடைக்கல் ஒன்றுதான்: கட்டி முடித்த டெக்கை (ஆடுவதற்குச் சேர்த்த கார்டுக் கட்டை) வருடத்துக்கு எத்தனை முறை பிரித்துப்போட வேண்டி வருகிறது? செட் அதிகம், விலை அதிகம், தடை அதிகம் என்று எந்தப் புகாரைத் தொட்டாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டுகிறது.

ஸ்டாண்டர்ட்

குறைந்தது 60 கார்டு, 15 சைட்போர்டு (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் கார்டுகள்), 20 உயிர், அடிப்படை லேண்ட் (மனா என்ற செலவுக்காசைத் தரும் நிலக் கார்டு) தவிர எந்தக் கார்டும் நான்குக்கு மேல் கூடாது. சமீபத்திய செட்கள் மட்டுமே செல்லும். ஒரு கார்டு இரண்டு வருடம் செல்லும் என்றிருந்ததை 2023-இல் மூன்று வருடமாக நீட்டினார்கள். வாங்கிய கார்டு கூடுதலாக ஒரு வருடம் உழைக்கட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான்.

ஆனால் 2025 முதல் வெளி உலகக் கதைகளை வைத்துச் செய்யும் யுனிவர்சஸ் பியாண்ட் செட்களும் ஸ்டாண்டர்டுக்குள் வந்துவிட்டன. அந்த வருடம் மட்டும் ஆறு செட்: ஈதர்டிரிஃப்ட், தார்கிர், ஃபைனல் ஃபேன்டஸி, எட்ஜ் ஆஃப் எட்டர்னிட்டீஸ், ஸ்பைடர்மேன், அவதார். 2026-க்கு ஏழு செட் அறிவித்திருக்கிறார்கள். அதில் நான்கு வெளிக்கதைகள்: நிஞ்சா ஆமைகள், மார்வெல் நாயகர்கள், ஹாபிட், ஸ்டார் டிரெக். ஏழு வாரம், எட்டு வாரத்துக்கு ஒருமுறை களம் மாறுகிறது. கார்டின் ஆயுள் கூடியது, டெக்கின் ஆயுளோ குறைந்துவிட்டது.

இதன் விளைவை விவி ஆர்னிட்டியர் என்ற ஒரே கார்டில் பார்க்கலாம். விலை மூன்று மனா, 0/3 உருவம் (பலம் 0, தாங்குதிறன் 3). உயிரினம் அல்லாத மந்திரம் ஒன்றை நீங்கள் போடும்போதெல்லாம் விவிக்கு ஒரு +1/+1 கவுண்ட்டர் ஏறும், எதிராளிக்கு ஒரு அடி விழும். உங்கள் சுற்றில் ஒருமுறை, விவியின் பலம் எவ்வளவோ அவ்வளவு மனாவை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு மனா மந்திரம் இரண்டு போட்டால் பலம் இரண்டாகிவிடும். அங்கேயே இரண்டு மனாவை எடுத்தால் செலவழித்தது கைக்குத் திரும்பிவிடுகிறது. அடுத்த இரண்டு மந்திரமும் ஓசி.

இதோடு 2023 வைல்ட்ஸ் ஆஃப் எல்ட்ரெய்ன் செட்டில் வந்த அகதாஸ் சோல் கால்ட்ரன் சேர்ந்தது. கல்லறையில் (செத்த, தீர்ந்த கார்டுகள் சேரும் குவியலில்) கிடக்கும் விவியைக் கால்ட்ரன் நாடுகடத்தினால் (ஆட்டத்திலிருந்தே அகற்றினால்), கவுண்ட்டர் ஏறிய உங்கள் உயிரினம் ஒவ்வொன்றுக்கும் விவியின் மனா சக்தி வந்துவிடும். முதல் கவுண்ட்டரையும் கால்ட்ரனே தந்துவிடும். எதிராளி விவியைக் கொன்றாலும் அது போய் விழுவது கால்ட்ரனுக்கு வேண்டிய இடத்தில்தான். கொல்லாமல் விட்டாலோ மனா பெருகுகிறது. இரண்டு வருட இடைவெளியில் வந்த இரண்டு கார்டுகள் இப்படிக் கோத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைச் சோதித்துப் பார்க்க நேரம் வேண்டும். மூன்று வருடக் கார்டுகள், வருடத்துக்கு ஆறு செட் என்றால் அந்த நேரம் எங்கிருந்து வரும்? 2025 நவம்பர் 10-இல்தான் விவிக்குத் தடை வந்தது. அதற்குமுன் ஏப்ரலில் வெளிவந்த கோரி-ஸ்டீல் கட்டர் மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, ஜூன் தடையில் போய்விட்டது.

ஸ்டாண்டர்ட் ஆட ஆசை இருந்தால் கணினி வடிவமான அரீனாவில் ஆடுங்கள், காகிதத்தில் வேண்டாம். அரீனாவில் ஒரு கார்டைத் தடை செய்தால் அதற்கு ஈடாக, விரும்பிய கார்டாக மாற்றிக்கொள்ளும் வைல்ட்கார்டு தருவார்கள். ஆனால் அந்தக் கார்டை நம்பிக் கட்டிய மற்ற கார்டுகளுக்கு ஈடு கிடையாது. ஆகவே ரேர் (அரிய தரத்து) வைல்ட்கார்டை முதலில் லேண்டுகளில் போடுங்கள். இரு நிற லேண்ட் எந்த டெக்குக்கும் உதவும், தடை விழும் வாய்ப்பும் குறைவு. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: டிஜிட்டல் உரிமை இல்லாததால் ஸ்பைடர்மேன் செட்டின் கார்டுகள் அரீனாவில் வேறு பெயர், வேறு படத்தோடு இருக்கின்றன. காகிதப் பட்டியலை அப்படியே தேடினால் கிடைக்காது.

மாடர்ன்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2003-இன் எட்டாம் பதிப்பு தொடங்கி ஸ்டாண்டர்டில் வந்தவை எல்லாம் செல்லும், ரொட்டேஷன், அதாவது பழைய செட்கள் காலாவதியாவது, கிடையாது. ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் ஆடலாம் என்பதுதான் 2011-இல் இது பிறந்தபோது இருந்த கவர்ச்சி. ஆனால் 2019, 2021, 2024 என மூன்று மாடர்ன் ஹொரைசன்ஸ் செட்கள் ஸ்டாண்டர்டைத் தாண்டி நேராக இங்கே இறங்கின. ஒவ்வொன்றும் பழைய டெக்குகளைப் புரட்டிப்போட்டது. பெயரில்லாத ரொட்டேஷன் அது.

மூன்றாம் ஹொரைசன்ஸில் வந்த நாடு என்ற பறவை, உங்கள் உயிரினம் ஒன்று குறிவைக்கப்படும்போதெல்லாம் ஒரு கார்டைத் தரும், உயிரினத்துக்குச் சுற்றில் இரண்டு முறை. மாட்டிவிட மனாவே கேட்காத ஷூகோ என்ற உபகரணம் இருந்தால் போதும், கார்டுகள் மளமளவென்று வந்து குவியும். அந்தக் கார்டின் இறுதி வடிவம் சோதனை ஆட்டங்களில் ஆடப்படாமலே அச்சுக்குப் போனது என்பதை வடிவமைத்தவரே பின்னர் எழுதினார். 2024 ஆகஸ்ட் 26-இல் தடை. டிசம்பரில் ஒன் ரிங், 2025 மார்ச்சில் அண்டர்வேர்ல்ட் பிரீச் என்ற கார்டுகளும் தடைபட்டன.

ஒரு டெக்குக்குப் பல நூறு டாலர் ஆகும். ஏற்கெனவே வைத்திருப்பவர் தொடர்ந்து ஆடலாம், ஆட்டம் ஆழமானதுதான். புதிதாகப் பணம் போட இது இடமில்லை.

கமாண்டர்

இன்று மேஜிக் என்றாலே பலருக்கும் இதுதான். நூறு கார்டு, அடிப்படை லேண்ட் தவிர ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று, 40 உயிர், நான்கு பேர். டெக்கை வழிநடத்தும் உயிரினம்தான் கமாண்டர், ஒரே கமாண்டரிடம் சண்டையில் 21 அடி வாங்கினாலும் ஆட்டம் காலி. நம் எடைக்கல்லில் இது நன்றாகவே தேறுகிறது. வருடத்துக்கு ஏழு செட் வந்தாலும் கட்டிய டெக்கைத் தொடவேண்டிய கட்டாயம் இல்லை. போட்டி அழுத்தம் குறைவு, ஒரே பிரதி என்பதால் ஒரு கார்டு போனாலும் டெக் சாகாது.

ஆனாலும் அடி விழாமல் இல்லை. 2024 செப்டம்பர் 23-இல் மனா கிரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட், நாடு நான்கையும் விதிக்குழு தடை செய்தது. ஆட்டத்துக்கு அது நல்ல முடிவு. முதல் சுற்றிலேயே மூன்று மனாவோடு ஒருவர் ஓட, மற்ற மூவர் வேடிக்கை பார்ப்பதை நான்கு பேர் ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் நூறு டாலர் அளவுக்கு விலை போன கார்டுகளும் அவற்றில் இருந்தன. தன்னார்வத்தில் உழைத்த குழுவினருக்கு மிரட்டல் வந்தது, ஒரு வாரத்தில் பொறுப்பு மேஜிக்கை வெளியிடும் விஸார்ட்ஸ் நிறுவனத்திடம் போனது. ஒரு கார்டின் விலைக்காக மனிதரை மிரட்டும் அளவுக்குப் போனது இந்த ஆட்டத்தின் வெட்கக்கேடு.

அதன்பின் 2025 பிப்ரவரியில் வந்த பிராக்கெட் முறை உருப்படியான காரியம். டெக்கின் பலத்தை 1 முதல் 5 வரை பிரிக்கிறது. ரிஸ்டிக் ஸ்டடி, ஸ்மதரிங் டைத், சைக்ளானிக் ரிஃப்ட் போன்ற கார்டுகள் கேம் சேஞ்சர் (ஆட்டத்தையே புரட்டுபவை) பட்டியலில் உள்ளன. 1, 2-இல் அவை ஒன்றும் கூடாது, 3-இல் மூன்று வரை, 4, 5-இல் வரம்பில்லை. தவறு நடப்பது 3-இல்தான். மூன்று கேம் சேஞ்சர்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்பவரின் மீதி 97 கார்டும் 4-க்கு உரியவையாக இருக்கலாம். ஆகவே எண்ணைக் கேட்காமல் இதைக் கேளுங்கள்: எதுவும் தடுக்காவிட்டால் உங்கள் டெக் எந்தச் சுற்றில் ஜெயிக்கும்? 2-இல் எட்டுச் சுற்று, 3-இல் ஆறு சுற்றாவது ஆட்டம் நீடிக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஐந்து என்று பதில் வந்தால் அது 3 இல்லை.

டெக் கட்டும்போது பெரும்பாலோர் லேண்டில்தான் கஞ்சத்தனம் செய்கிறார்கள். நான்கு பேர் ஆட்டத்தில் முதலில் ஆடுபவரும் முதல் சுற்றில் ஒரு கார்டு எடுப்பார். ஆகவே நான்காம் சுற்றில் 11 கார்டு பார்த்திருப்பீர்கள். கமாண்டர் போக மீதி 99-இல் 37 லேண்ட் என்றால் சராசரியாக 4.1 லேண்ட் வந்திருக்கும், 33 என்றால் 3.7. கேட்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் நான்கு மனா கமாண்டரை நான்காம் சுற்றில் இறக்க முடிகிறதா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது. 37 லேண்ட், மனா கூட்டுபவை 10, கார்டு எடுப்பவை 10, ஒற்றை இலக்கை நீக்குபவை 8, மேசையைத் துடைப்பவை 3. இது 68. மீதி 31-இல் உங்கள் கற்பனையைக் காட்டுங்கள்.

கடையில் கிடைக்கும் தயார் டெக் 2025-இல் வழக்கமான செட்டில் 44.99 டாலர், ஃபைனல் ஃபேன்டஸியில் 69.99 என்று இருந்தது. பெயருக்காகக் கூடுதலாக 25 டாலர் தரவேண்டாம். வாங்கியதும் முதல் வேலை, மடங்கிய நிலையில் (இறங்கிய சுற்றில் மனா தராமல்) வரும் லேண்ட் ஐந்தை எடுத்துவிட்டு அடிப்படை லேண்ட் ஐந்தைச் செருகுவது. வேறு எந்த மாற்றமும் இவ்வளவு மலிவாக இவ்வளவு வேகம் தராது.

குறை என்று சொன்னால் நேரம். ஒரு ஆட்டம் ஒன்றரை மணி, இரண்டு மணி இழுக்கும். மூன்று எதிராளிகளுக்கும் சேர்த்து 120 உயிர், அதனால் வேகமாகத் தாக்கும் டெக்குகள் மூச்சு வாங்கிவிடும். முதலில் தோற்றவர் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆட்டத்தின் நுட்பத்தைக் கற்க இது தோதான இடமில்லை. கூடிப் பேசிச் சிரிக்க இதைவிட நல்ல இடமும் இல்லை.

பாப்பர்

காமன், அதாவது செட்டில் எளிதில் கிடைக்கும் தரத்துக் கார்டுகள் மட்டும். மற்றதெல்லாம் 60 கார்டு, 20 உயிர், 15 சைட்போர்டுதான். எங்கள் பரிந்துரை இதுவே, காரணம் எடைக்கல்லிலேயே இருக்கிறது. செட்டை விற்க வைக்கும் பளபளப்பு முழுவதும் அரிய தரங்களான ரேரிலும் மித்திக்கிலும் போய் உட்காருகிறது. காமனுக்கு விற்பனைச் சுமை கிடையாது. விவி வந்தாலும் போனாலும் பாப்பர் டெக்குக்கு ஒன்றும் ஆகாது.

2019-இல் காகிதத்துக்கும் இணையத்துக்கும் ஒரே விதி வந்தது. 2022 ஜனவரி முதல் விஸார்ட்ஸின் கேவின் வெர்ஹேயோடு ஆட்டக்காரர்களும் உள்ள ஒரு குழு கவனித்துக்கொள்கிறது. மூன்றாம் ஹொரைசன்ஸ் இங்கேயும் கைவைத்தது. அதில் வந்த பாஸ்கிங் புரூட்ஸ்கேல், டெம்பெஸ்ட் என்ற பழைய செட்டின் சாடிஸ்டிக் கிளீயோடு சேர்ந்து முடிவில்லாத மனா தந்தது. 2025 மார்ச் 31-இல் குழு அதை எடுத்துவிட்டது, ஏன் எடுத்தோம் என்றும் விளக்கியது.

இதில் முழுக்க நீல நிற டெரர் டெக்கைப் பாருங்கள். டோலேரியன் டெரரின் விலை ஏழு மனா. கல்லறையில் உள்ள இன்ஸ்டன்ட், சார்சரி என்ற இருவகை மந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மனா குறையும். ஆறு கிடந்தால் ஒரே ஒரு நீல மனாவுக்கு 5/5 இறங்கும். அதைக் குறிவைக்க எதிராளி இரண்டு மனா கூடுதலாகக் கட்ட வேண்டும். டெரர் 4, கிரிப்டிக் சர்ப்பெண்ட் 4, டெல்வர் 4, கவுண்ட்டர்ஸ்பெல் 4, பாண்டர் 4, பிரெயின்ஸ்டார்ம் 4, கல்லறையை நிரப்ப தாட் ஸ்கவர் 4, மென்டல் நோட் 4. லோரியன் ரிவீல்ட் 4 இருப்பதால் தீவு என்ற நீல லேண்ட் 14, 15 போதும். ஒரு மனா கொடுத்து லோரியனை வீசினால் தீவு ஒன்று கைக்கு வருகிறது, வீசிய கார்டு சார்சரி என்பதால் டெரரின் விலையும் குறைகிறது. ஒரே கார்டு, இரண்டு வேலை.

இந்த டெக்கில் புதியவர் தோற்பது ஒரே மாதிரியாகத்தான். விலை ஒரு மனாவுக்கு இறங்கட்டும் என்று கல்லறையை நிரப்பிக்கொண்டே போவார். எதிராளி ரெலிக் ஆஃப் ப்ரொஜெனிட்டஸை உடைத்து முழுக் கல்லறையையும் நாடுகடத்துவார். கையில் இரண்டு டெரர், இரண்டும் ஏழு மனா. எதிராளி பக்கம் ரெலிக் தெரிந்தால் நான்கு கார்டு சேர்ந்ததுமே மூன்று மனா கொடுத்து ஒன்றை இறக்கிவிடுங்கள். மலிவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கார்டு செல்லுமா என்று பார்ப்பதிலும் குழப்பம் வரும். எப்போதாவது ஒருமுறை காமனாக அச்சாகியிருந்தால் போதும், கையில் இருப்பது அன்காமன் அச்சாக இருந்தாலும் செல்லும். கவுண்ட்டர்ஸ்பெல் அப்படித்தான். ஆனால் காமனாக வந்தும் தடைப்பட்டவை உண்டு, ஹிம் டு டூராக் ஓர் உதாரணம். வாங்குமுன் கார்டுகளைத் தேடும் ஸ்க்ரைஃபால் தளத்தில் ஃபார்மட் வரியைப் பாருங்கள், கார்டில் உள்ள செட் சின்னத்தின் நிறத்தை நம்பாதீர்கள்.

பாப்பருக்கு உள்ள உண்மையான குறை, ஆட ஆள் கிடைப்பது. இத்தாலியில் பெரிய போட்டிகளே நடக்கின்றன. மற்ற இடங்களில் கடைக்குக் கடை மாறும். அரீனாவில் நிலையான வரிசை கிடையாது, மேஜிக் ஆன்லைனில் உண்டு. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் இரண்டு டெக்காகக் கட்டிவிடுங்கள், இந்த நீலம் ஒன்று, லைட்னிங் போல்ட் வைத்த சிவப்பு ஒன்று. பெரும்பாலான டெக் நூறு டாலருக்குள் முடியும், ஒரு மாடர்ன் டெக்கின் விலைக்கு இப்படிப் பலவற்றைக் கட்டலாம். உறைகளை இரண்டு நிறத்தில் போடுங்கள், கலைத்துப் பிரிக்கும்போது கார்டு மாறாது. புதிதாக வருபவரிடம் முதலில் சிவப்பைக் கொடுங்கள். கல்லறைக் கணக்கு அதில் இல்லை.