பைகளுக்கு 14,500 ரூபாய், காற்று இலவசம்: தார்ப் பாலையில் மூன்று குளிர்காலம்

ஜோத்பூருக்கு வேலைக்கு வந்து நான்கு ஆண்டு ஆகிறது. சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டு ஓரத்தில் வளர்ந்தவன் நான். மணல் நமக்குப் புதுசா என்ற நினைப்பு. ஆனால் தேரியில் நாங்கள் யாரும் சைக்கிள் ஓட்டியதில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவோம் என்பதை வசதியாக மறந்துவிட்டேன். அந்த மறதியோடுதான் மூட்டை கட்டிக்கொண்டு சைக்கிளில் பாலையைச் சுற்றும் வேலையில் இறங்கினேன். கூட வந்தவன் அலுவலக நண்பன், மதுரைக்காரன்.

மூன்று குளிர்காலத்தில் ஆறு முறை போய்வந்திருக்கிறோம். எல்லாம் ஏறக்குறைய ஒரே பாதை. வெள்ளி இரவு ரயில், சைக்கிள்களைப் பிரித்துப் பைக்குள் போட்டுச் சீட்டுக்கு அடியில். விடியும் முன் ஜெய்சல்மேர். நடைமேடையிலேயே மாட்டி முடித்து, ஒரு டீ குடித்துவிட்டுத் தென்மேற்கே கூரி கிராமம், சுமார் 50 கி.மீ. அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் இரவு. ஞாயிறு காலை உள் கிராமங்கள் வழியாக சாம் மணல்மேடுகள், அப்புறம் ஆட்கள் கைவிட்டுப் போன குல்தரா கிராமம், மறுபடி ஜெய்சல்மேர். மொத்தம் 140 கி.மீ. வரும். திங்கள்கிழமை அலுவலகத்தில் காதைக் குடைந்தால் மணல் விழும்.

இந்த ஆறு பயணத்திலும் நான் எடுத்துப்போன சாமான்களில் எது உழைத்தது, எது ஏமாற்றியது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. வாங்கின மறுநாளே எழுதும் விமரிசனங்களைப் படித்துத்தான் நானும் காசை விட்டேன்.

சக்கரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் பயணத்தில் என்னுடையது 29 அங்குலம், 2.1 அகல டயர், உள்ளே டியூப், 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று. தார் ரோட்டில் பறந்தது. கூரியைத் தாண்டி மணல் தடத்தில் இறங்கியதும் முன்சக்கரம் கத்தி மாதிரி உள்ளே போனது, நான் ஹேண்டில்பாருக்கு மேலே போனேன். எழுந்து பார்த்தால் நண்பன் தன் பழைய இரும்பு சைக்கிளில் ஆடி ஆடி என்னைக் கடந்து போகிறான். "என்ன மாப்ள, பீச்சுல நடக்கிற மாதிரி வர்ற?" என்று கேட்டுவிட்டு நிற்காமலே போனான். அவனிடம் பெரிய வித்தை எதுவும் இல்லை. வரும் வழியிலேயே அவனுடைய பம்பு உடைந்துவிட்டது, டயரில் பாதிக் காற்றுதான் இருந்தது. அந்தப் பாதிக் காற்றுதான் எங்களுக்கு வாத்தியார்.

காற்று குறைந்தால் டயர் தரையில் பரந்து உட்காரும், பாரம் பரவும், மணல் தாங்கும். ஒட்டகத்தின் பாதம் ஏன் அவ்வளவு அகலம் என்பதற்கும் இதுதான் காரணம். இப்போது நான் 2.35 அகல டயரில் தார் ரோட்டுக்கு 28 பி.எஸ்.ஐ., மணலுக்கு 14 அல்லது 15 வைக்கிறேன். என் எடை 68 கிலோ, மூட்டையோடு சைக்கிள் 24. உங்களுக்கு இந்த எண் மாறும். டியூப் போட்டவர்கள் இவ்வளவு குறைக்க முடியாது, கல்லில் இடித்தால் டியூப் விளிம்பில் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். நண்பன் 18க்குக் கீழே இறங்குவதில்லை.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தார்ப் பாலை என்றதும் எல்லோருக்கும் சுவரொட்டியில் பார்த்த மணல்மேடு ஞாபகம் வரும். ஜெய்சல்மேரைச் சுற்றிப் பாதிக்கு மேல் சரளையும் பாறையும்தான். ஒரு கி.மீ. மணல் வந்தால் நான்கு கி.மீ. கூர்க்கல். மணலுக்குக் குறைத்த காற்றோடு அதில் ஓட்டினால் ரிம் அடிவாங்கும். ஆகவே நின்று, இறங்கி, கைப்பம்பால் 150 தடவை அடி. மறுபடி மணல் வந்தால் மறுபடி இறக்கு. அலுப்புத்தான். இந்த அலுப்பைப் படுபவன் ஓட்டுகிறான், படாதவன் தள்ளுகிறான், அவ்வளவே வித்தியாசம்.

நேரமும் ஒரு சாமான் மாதிரிதான். இரவுப் பனி இறங்கியிருக்கும் விடியற்காலையில் மணல் கெட்டி, பத்து மணிக்கு மேல் அதே தடம் மாவு. மேட்டில் ஏற வேண்டுமென்றால் காற்று அடிக்கும் பக்கம் ஏறுங்கள், அங்கே மணல் அழுந்தியிருக்கும். மறுபக்கச் சரிவில் முழங்கால் வரை போகும். காற்று எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் காற்றாலைகளைப் பாருங்கள், அவை காற்றை நோக்கித்தான் முகம் திருப்பி நிற்கும். ஜெய்சல்மேரில் 1,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில் போய்ப் பழகிய எனக்கு அந்த வரிசையைப் பார்த்ததும் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. எதிர்க்காற்றில் 20 கி.மீ. மிதித்த பிறகு அந்தப் பாசம் போய்விட்டது.

அடுத்து முள். முதல் பயணத்தில் ஒரு வன்னி மரத்து நிழலைப் பார்த்து, ரோட்டை விட்டுப் பத்தடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினோம். வன்னிதான், நம் ஊர்க் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. இங்கே கேஜ்ரி என்கிறார்கள். நிழல் அருமை. திரும்பி வந்து ஏறினால் நான்கு சக்கரமும் தரையோடு. குனிந்து பார்த்தால் டயர் முழுக்க நெருஞ்சி. அந்தக் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் வானத்தைப் பார்த்து நிற்கும், சின்ன வயதில் வெறுங்காலோடு திரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு நாளில் 11 பஞ்சர். கொண்டுபோன ஒட்டுகள் தீர்ந்து, கூரியில் ஒருவர் பழைய டியூபை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றிலிருந்து சட்டம் ஒன்றே: ரோட்டை விட்டு இறங்கினால் சைக்கிள் தோளில்.

இரண்டாம் குளிர்காலத்துக்கு டியூப்லெஸ் மாற்றினேன். டயருக்குள் ஊற்றும் சீலன்ட் என்பது பெரும்பாலும் ரப்பர் பால் கலந்த திரவம், ஓட்டை விழுந்த இடத்தில் வெளியே வந்து உறைந்து அடைத்துக்கொள்ளும். அக்டோபரில் ஊற்றினேன், ஜனவரியில் போனேன். சாமுக்கு முன்னால் ஒரே முள், புஸ்ஸென்று எல்லாக் காற்றும் போனது. டயரைப் பிரித்தால் உள்ளே திரவமே இல்லை, காய்ந்த தோசை மாவு மாதிரி ஏடும் உருண்டையும். ஜோத்பூர் அக்டோபர் வெயில் குடித்துவிட்டிருக்கிறது. புட்டியின் மேல் ஆறு மாதம் தாங்கும் என்று போட்டிருந்தார்கள். எந்த ஊரில் என்று போடவில்லை. இப்போது பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் புதிதாக ஊற்றுகிறேன், அதற்குப் பிறகு மூன்று பயணத்தில் ஒரு பஞ்சருக்கும் நிற்கவில்லை. ஒருமுறை வீட்டுக்கு வந்து எண்ணினேன், பின்டயரில் மட்டும் 17 முள். இந்த டயர்களுக்கும் சீலன்ட்டுக்கும் ஆன 5,200 ரூபாய்தான் நான் செலவழித்ததிலேயே உருப்படியான காசு.

உருப்படாத காசு பைகளுக்குப் போனது. ஹேண்டில்பார் பை, பிரேம் பை, சீட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பை, மூன்றும் சேர்த்து 14,500. மழை புகாது என்பதுதான் விற்றவர்களின் பெருமை. ஆண்டுக்கு ஏறக்குறைய 200 மி.மீ. மழை பெய்யும் ஊரில் எனக்கு அது எதற்கு? இங்கே உள்ளே புகுவது மணல். பிரேம் பையின் ஜிப் பதினான்காம் மாதம் போனது. பல் ஒவ்வொன்றிலும் மாவு மாதிரி மணல் ஏறி, இழுக்க இழுக்க ஜிப்பின் தலை தேய்ந்து, ஒருநாள் மூடினாலும் பின்னாலேயே பிளந்துகொண்டது. உத்தரவாதம் கேட்டு எழுதினேன், "வழக்கமான தேய்மானம்" என்று பதில் வந்தது. ஜோத்பூரில் ஸ்கூல் பை தைக்கும் கடைக்காரர் பெரிய பிளாஸ்டிக் பல் வைத்த ஜிப் ஒன்றை 120 ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்தார். அது இன்னும் ஓடுகிறது. வாயைச் சுருட்டிக் கட்டும் மற்ற இரண்டு பைகளுக்கும் ஜிப்பே கிடையாது, அவற்றுக்கு ஒரு குறையும் வரவில்லை. சீட் பை மட்டும் ஐந்து கிலோவுக்கு மேல் ஏற்றினால் மாட்டு வால் மாதிரி ஆடும். கனமானதைச் சீட்டோடு ஒட்டி முதலில் திணிக்க வேண்டும், துணிமணி வால் பக்கம்.

நண்பனின் ஏற்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். 450 ரூபாய் இரும்புக் கேரியர், இரண்டு அரிசிச் சாக்கு, பழைய டியூபை நீளமாக வெட்டிய ரப்பர் கயிறு. ஆறு பயணமும் அதேதான். சரளையில் கடகடவென்று சத்தம், ஒருமுறை கேரியர் போல்ட் கழன்று விழுந்து, முள்வேலிக் கம்பியால் கட்டிக்கொண்டு வந்தான். ஆனால் அவன் சாமான் ஒன்றும் கெடவில்லை. அவன் சைக்கிளில் கெட்டது ரிம்தான். ரப்பர்க் கட்டை பிரேக்கில் மணல் ஒட்டி, பிடிக்கும்போதெல்லாம் உப்புத்தாள் மாதிரி ராவிவிட்டது. என் டிஸ்க் பிரேக் கத்துமே தவிர தேயவில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். ஆளுக்கு 6 லிட்டர். இது குளிர்காலக் கணக்கு. இடையில் கிடைக்கும் என்று நம்பி ஒருமுறை 4 எடுத்துப்போய், ஒரு ஆடு மேய்ப்பவரிடம் கேட்டுக் குடித்தோம். அவர் கொடுத்துவிட்டார், ஆனால் அவருடைய அன்றைய தண்ணீர் அது. இனி அப்படிச் செய்வதில்லை. இரட்டைச் சுவர் ஸ்டீல் பாட்டில் நன்றாகத்தான் வேலை செய்தது, எடைதான் கொடுமை. எனக்குப் பிடித்துப்போனது சாகல். கித்தான் துணியில் தைத்த தண்ணீர்ப் பை, ராஜஸ்தானில் லாரிக்கும் ஒட்டகத்துக்கும் கட்டித் தொங்கவிடுவது, எனக்கு 180 ரூபாய்க்குக் கிடைத்தது. துணி நனைந்து, காற்றில் ஈரம் ஆவியாக ஆவியாக உள்ளே தண்ணீர் குளிரும், மண்பானைக் கணக்குத்தான். சைக்கிள் ஓடினால் இன்னும் குளிர்ச்சி. குறையும் உண்டு: புதிதில் ஒருநாள் முழுக்க ஊறவைத்து நூல் உப்பும்வரை ஒழுகும், கித்தான் வாடை அடிக்கும், தண்ணீரில் கொஞ்சத்தைக் காற்றே குடித்துவிடும். ஆகவே அது குடிக்கும் சுகத்துக்கு மட்டும், கணக்குக்குப் பாட்டில்.

செயினுக்கு எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அரைக்கும் பசை. முதல் குளிர்காலத்திலேயே ஒரு செயின் தேய்ந்து நீண்டுவிட்டது, 900 கி.மீ. கூட ஓடவில்லை. இப்போது மெழுகு. உருக்கி முக்கி எடுத்துக் காயவைத்தால் மணல் ஒட்டாது, இரண்டு நாள் ஓட்டத்துக்குத் தாராளம். மூன்று பயணம் முடிந்தும் செயின் அளவு மாறவில்லை.

கூடாரத்தில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆணி மணலில் நிற்காது. ஒரு துணிப் பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைத்தால் நிற்கிறது. ஆனால் கூரியில் கயிற்றுக் கட்டில் கிடைக்கும்போது எதற்கு? தூக்கப் பை மட்டும் நல்லதாக வாங்குங்கள். பகலில் 25 டிகிரி வெயிலைப் பார்த்து ஏமாந்து போர்வையோடு போனவன் நான். ஜனவரி இரவில் 7 டிகிரிக்கு இறங்கி, விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். நண்பன் இரண்டு சாக்கையும் மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்கினான்.

அடுப்பு இரண்டாம் பயணத்தோடு நின்றது. காற்றில் எரியவில்லை, வீடுகளில் கம்பு ரொட்டியும், வன்னிக் காயைக் காயவைத்துச் செய்யும் சாங்ரிக் கறியும் மோரும் கிடைக்கின்றன. பையில் வேண்டியது வழித்தீனி மட்டும். சாக்லேட் தடவிய சத்துக் கட்டிகள் பதினோரு மணிக்கெல்லாம் குழம்பாகிவிடும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் மூன்று குளிர்காலமாக உருகவில்லை. இதில் எனக்கு மாவட்டப் பாசம் இருக்கலாம், ஆனாலும் உண்மை.

போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள், கூரிக்கு மேற்கே சிக்னல் வரும் போகும். வரைபடத்தில் கோடு இருந்தால் தடம் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம், மேடு நகர்ந்து மூடியிருக்கும். ஒருமுறை அப்படி வழி தொலைந்து அலைந்தபோது திடீரென்று சக்கரத்துக்குக் கீழே கெட்டித் தரை. சுற்றிலும் பச்சைக் கோதுமை. கடீன் என்கிறார்கள்: சரிவில் வரும் மழைநீரை நீளமான கரை போட்டு மறித்து, நீர் உறிஞ்சிய பிறகு அந்த ஈரத்திலேயே பனிக்காலப் பயிர் வைப்பது. குல்தராவைக் கைவிட்டுப் போன பாலிவால் பிராமணர்கள் இதில் கெட்டிக்காரர்கள். "நம்ம கண்மாய்தான் மாப்ள இது" என்று நண்பன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறிவிட்டான். பயிரை மிதிக்காமல் கரைமேலேயே இரண்டு கி.மீ. ஓட்டினோம். ஆறு பயணத்திலும் அவ்வளவு சுகமான ரோடு அமையவில்லை.

அந்தப் பகுதியில் பெருமளவு பாலைவன தேசியப் பூங்கா, 3,162 சதுர கி.மீ. கானமயில் என்ற பெரிய பறவை பிழைத்திருக்கும் கடைசி இடங்களில் ஒன்று. வேலி போட்ட பக்கம் தடம் தெரிந்தாலும் சைக்கிளை விடாதீர்கள். எல்லைக்குப் பக்கம் என்பதால் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். போன பிப்ரவரியில், சுதாசரிக்கு அருகே, ரோட்டிலிருந்து வெகுதூரத்தில் புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கழுத்து நின்றது. ஐந்து நிமிடம் நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை. அதைத் தாண்டி உயர் அழுத்த மின்கம்பிகள் போய்க்கொண்டிருந்தன. பக்கவாட்டுக் கண் என்பதால் நேர் எதிரே வரும் கம்பி அந்தப் பறவைக்குச் சரியாகத் தெரியாது, மோதிச் சாகும். காற்றாலை மின்சாரமும் இந்த மாதிரிக் கம்பிகளில்தான் போகிறது. காற்றாலை மேல் இருந்த பாசம் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது.

இந்த டிசம்பருக்கு டிக்கெட் போட்டாயிற்று. சீட் பையை விற்கலாமென்று இருக்கிறேன், நண்பன் இன்னொரு கேரியர் பார்த்து வைத்திருக்கிறான், இந்த முறை 500 ரூபாயாம். சீலன்ட் புட்டி வாங்கி அலமாரியில் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் ஊற்றுவேன்.