பாஸ்போர்ட்டில் எந்த முகவரி: சென்னை வாடகை வீடா, சொந்த ஊரா?

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், வேலை சென்னையில், குடியிருப்பது வாடகை வீட்டில். இப்படி இருக்கும் ஆள் பாஸ்போர்ட் விண்ணப்பத்தைத் திறந்ததும் முதலில் தயங்கி நிற்கும் இடம் 'தற்போதைய முகவரி' என்ற கட்டம்தான். நான் வாடகை வீட்டு முகவரியைப் போட்டேன். என்னோடு அதே வீட்டில் இருந்த நண்பர், வீட்டில் சொன்னார்கள் என்று ஊர் முகவரியைப் போட்டார். ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது, ஆனால் வந்த வழி ஒன்றல்ல. நான் வாடகை முகவரியின் பக்கம்தான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில், எந்த வித்தியாசமும் இல்லாத விஷயங்கள். 36 பக்க புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000, எந்த முகவரி போட்டாலும் அதேதான். விண்ணப்பத்தைச் சரிபார்க்கிற பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் டோக்கன் வாங்கி ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர் தாண்டுவதும் அதேதான். ஊர் முகவரி போட்டால் ஊரில் போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2018 முதல் அப்படி இல்லை, நாட்டில் எந்தப் பாஸ்போர்ட் அலுவலகத்தை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். திருநெல்வேலி முகவரி போட்டுவிட்டு சாலிகிராமத்திலோ தாம்பரத்திலோ அப்பாயின்ட்மென்ட் வாங்கலாம். நண்பரும் அதை நம்பித்தான் ஊர் முகவரி போட்டார், அலைச்சல் இல்லை என்று.

ஆனால் நீங்கள் எங்கே விண்ணப்பித்தாலும் போலீஸ் விசாரணை, தற்போதைய முகவரி என்று எதைப் போட்டீர்களோ அந்த எல்லைக்குள் இருக்கிற ஸ்டேஷனுக்குத்தான் போகும். முகவரியை முடிவு செய்ய இந்த ஒரு விஷயம் போதும், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நண்பர் விஷயத்தில் என்ன நடந்தது என்றால், ஏட்டு வீட்டுக்கு வந்து விசாரித்தபோது அம்மா உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார், 'பையன் மெட்ராஸ்ல வேலை பாக்கான் சார், பொங்கலுக்குத்தான் வருவான்'. பொய் ஒன்றும் இல்லையே. ஆனால் 'இந்த முகவரியில் வசிக்கவில்லை' என்று எழுதி அனுப்ப அந்த ஒரு வரி போதும். அப்படி எழுதிவிட்டால் அறிக்கை பாதகமாகவோ முழுமையடையாததாகவோ பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், மறுவிசாரணை நடக்கும். நண்பருக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, ஏட்டு நல்ல மனிதர், போனில் கூப்பிட்டு நேரில் வரச் சொன்னார். எப்போது? மறுநாள் காலையில். நெல்லை எக்ஸ்பிரஸில் மறுநாளைக்கு டிக்கெட் கிடைக்காது என்பது தெரிந்ததுதான், ஆம்னி பஸ், அவசர விடுப்பு, மேனேஜரிடம் கெஞ்சல் என்று போனது. இது ஒருவருடைய அனுபவம் மட்டுமே, எல்லா ஸ்டேஷனும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், போனிலேயே முடிந்தவர்களும் உண்டு.

வாடகை முகவரியில் எனக்கு அந்தத் தலைவலி இல்லை. போன் வந்தது, ஸ்டேஷன் பக்கத்துத் தெருதான், அசல் ஆவணங்களையும் நகலையும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். அக்கம்பக்கத்தில் ரெண்டு பேர் பெயரும் போன் நம்பரும் கேட்டார்கள், எதிர்வீட்டு அக்காவும் கீழே கடை வைத்திருக்கும் அண்ணாச்சியும் கைகொடுத்தார்கள். அவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், போலீஸ் என்றதும் 'எங்களுக்கு எதுவும் தெரியாது' என்று நழுவுகிறவர்கள்தான் அதிகம். விசாரணைக்கு நீங்கள் கட்ட வேண்டிய கட்டணம் எதுவும் இல்லை, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. விண்ணப்பத்தில் காவல் நிலையத்தையும் நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2022 ஜனவரியில் ஆவடி, தாம்பரம் என்று தனித்தனி கமிஷனரேட் வந்த பிறகு, பின்கோடு சென்னையாக இருந்தாலும் ஸ்டேஷன் சென்னை போலீஸின் கீழ் வராமல் இருக்கலாம். அம்பத்தூர் ஆவடியின் கீழ் வருகிறது. தவறான ஸ்டேஷனைத் தட்டிவிட்டால் கோப்பு அங்கே போய், 'எங்கள் எல்லை இல்லை' என்று திரும்பி, மறுபடி சரியான இடத்துக்குப் போக வேண்டும். அப்புறம் பழைய எண், புதிய எண் பஞ்சாயத்து. ஆதாரில் ஒரு எண், வாடகை ஒப்பந்தத்தில் ஒரு எண், கேட்டில் எழுதியிருப்பது வேறு என்றால் யாராக இருந்தாலும் குழம்பத்தான் செய்வார்கள், ரெண்டு எண்ணையும் எழுதிவிடுவது நல்லது.

சரி, வாடகை முகவரிக்கு ஆதாரம் வேண்டுமே என்றால், உண்மையில் அதுதான் அந்தப் பக்கத்தின் பலவீனம். பாஸ்போர்ட்டுக்குக் கேட்கும் வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். நம் ஹவுஸ் ஓனர்கள் தருவதோ பதிவு செய்யாத, முத்திரைத்தாளில் எழுதிய பதினோரு மாதக் கணக்கு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஆனால் அதைச் சொன்னால் சில ஓனர்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அவர்களோடு மல்லுக்கட்டுவதைவிட ஆதார் முகவரியை மாற்றிக்கொண்டு அதையே காட்டுவது சுலபம், நான் செய்தது அதுதான். நடப்பில் உள்ள வங்கிக் கணக்கின் போட்டோ ஒட்டிய பாஸ்புக், கேஸ் இணைப்பு ஆவணம், பெரிய நிறுவனம் என்றால் லெட்டர்ஹெட்டில் தரும் சான்று ஆகியவையும் பட்டியலில் உண்டு. ஊர் முகவரியில் இந்தப் பாடு எதுவும் கிடையாது, ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் ஏற்கனவே அதுதான் இருக்கும்.

ஊர் முகவரிக்காரர்கள் சொல்லும் இன்னொரு நியாயத்தை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குச் செல்லும், வாடகை வீடு ரெண்டு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம். அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு ஏரியாவுக்குப் போனதும் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரி பழையதாகிவிடும். அதை மாற்ற வேண்டுமானால் ரீஇஷ்யூதான், அதாவது புதிய புத்தகத்துக்கு மறுபடி விண்ணப்பம், முழுக் கட்டணம், மறுபடி அதே மூன்று கவுண்டர். நான் அதற்குப் பிறகு வீடு மாறிவிட்டேன், பாஸ்போர்ட்டைத் தொடவில்லை, வெளிநாடு போய்வர அது ஒரு தடையாக இருக்கவில்லை. ஆனால் முகவரிச் சான்றாக அதை இப்போது எங்கும் நீட்ட முடியாது. ஊர் முகவரி இருந்தால் அது எப்போதும் செல்லும், இதில் அந்தப் பக்கத்துக்கே வெற்றி.

தபாலில் மட்டும் ஊர் முகவரிக்கு நினைக்கிற அளவு லாபம் இல்லை. அப்பா அம்மா எப்போதும் வீட்டில் இருப்பார்கள், ஸ்பீடு போஸ்டை வாங்கி வைப்பார்கள் என்று தோன்றும். விண்ணப்பித்தவரிடம்தான் அடையாள அட்டை பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. தெரிந்த தபால்காரர் என்றால் வீட்டில் கொடுத்துவிடுவார், கண்டிப்பானவர் என்றால் நீங்கள்தான் பஸ் ஏற வேண்டும், கொடுக்க முடியாமல் போனால் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பிவிடும்.

தட்கல் என்ற அவசர வழியில் போட்டால் விசாரணைத் தொல்லை இல்லை என்று சிலர் யோசனை சொல்வார்கள். கூடுதலாக 2,000 ரூபாய் கட்டினால் பெரும்பாலும் பாஸ்போர்ட் முதலில் வரும், போலீஸ் பிறகு வரும். வரத்தான் செய்யும். அப்போது நீங்கள் அந்த முகவரியில் இல்லை என்று அறிக்கை போனால், கையில் இருக்கிற பாஸ்போர்ட்டுக்கே விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம். தெரிந்தே தவறான தகவல் தந்து வாங்கினால் 1967-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. இதற்காக யாரும் உள்ளே போனதாக நான் கேள்விப்பட்டதில்லை, ஆனாலும் இல்லாத ஊரில் இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி என்று தனிக் கட்டம் இருக்கிறது, ஊர்ப் பாசம் உள்ளவர்கள் அதில் ஊரை எழுதிக்கொள்ளலாம்.

ஹாஸ்டலிலோ பேயிங் கெஸ்ட்டாகவோ இருப்பவர்களுக்கு என் வழி சிரமம்தான், ஓனர் எழுத்தில் எதுவும் தரமாட்டார், ஆபீஸ் லெட்டர் கிடைத்தால் உண்டு. வீட்டிலிருந்தே வேலை என்று ஊரிலேயே தங்கி, மாதம் ஒருமுறை சென்னைக்கு வந்துபோகிறவர்கள் யோசிக்காமல் ஊர் முகவரியையே போடலாம், ஏட்டு வரும்போது வீட்டில்தானே இருப்பீர்கள்.