குன்னூரில் மெல்லிய தகடுகளுக்கு ஐந்து அச்சு ஜாப் வொர்க்: ஒரு மதிப்பீடு

குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் இடையே உள்ள ஒரு சிறிய பட்டறை, தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலர்களுக்குப் பல் தீட்டும் வேலையோடு, மூன்று நேர் அச்சுகளும் இரண்டு சுழல் அச்சுகளும் கொண்ட, கணினியால் இயங்கும் ஐந்து அச்சு சி.என்.சி. எந்திரத்தில் வெளி வேலைகளையும் எடுத்துச் செய்கிறது. தேயிலை உலர்த்தியின் காற்றுக்குழாய்க்கான வளைந்த மூடிகளைக் கோயம்புத்தூரில் பிரஸ்ஸில் அடித்து வாங்கி, துளையிடவும் விளிம்பை வெட்டவும் இங்கே கொடுத்திருந்தோம். தகடு 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கனம் 1.2 மி.மீ.

ஐந்து அச்சுகள் இருக்கின்றன என்பதற்காக ஐந்தையும் எந்நேரமும் ஓட்டாததுதான் இவர்களிடம் எனக்கு முதலில் பிடித்தது. துளைகளுக்கு மேசையை உரிய கோணத்தில் சாய்த்துப் பூட்டிவிட்டு, சாதாரண மூன்று அச்சு வேலையாகவே முடித்தார்கள். பூட்டிய அச்சு ஆடாது என்பதால் மெல்லிய தகட்டில் அதிர்வும் குறைகிறது. வெளிப்புறக் கழிவுத் தகடு இருக்கும்வரை மூடி விறைப்பாக இருக்கும் என்பதால், துளைகளை முதலிலும் விளிம்பைக் கடைசியிலும் வைத்திருந்தார்கள்.

விளிம்புக்குத்தான் ஐந்து அச்சும் ஒரே நேரத்தில் ஓட வேண்டியிருந்தது. டூல்பாத், அதாவது கத்தி செல்லும் பாதை, அதன் தேர்வின் அருமை தெரிந்ததும் அங்கேதான். மாதிரித் துண்டுக்கு, கத்தியின் பக்கவாட்டால் வெட்டும் ஸ்வார்ஃப் பாதையைப் போட்டார்கள். கத்தியின் சாய்வை அந்தப் பாதை விளிம்பின் பக்கவாட்டுப் பரப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்தப் பரப்பின் உயரமே 1.2 மி.மீ. என்னும்போது, கணினி மாதிரியில் உள்ள நுண்ணிய பிசிறுகூடப் பெரிய கோண மாற்றமாகிவிடுகிறது. சுழல் அச்சுகள் வெடுக் வெடுக்கென்று இழுக்க, விளிம்பில் விரல் நகம் தட்டும் அளவுக்கு வரிகள் விழுந்தன. பிறகு விளிம்புக் கோட்டை மட்டும் பின்தொடரும் கான்டூர் பாதைக்கு மாறி, கத்தியைப் பரப்புக்குச் செங்குத்தாக வைத்து, சாய்வு மெல்ல மெல்ல மாறும்படி கட்டுப்படுத்தினார்கள். செங்குத்திலிருந்து 3 டிகிரி விலகினாலும் இந்தக் கனத்தில் வரும் பிழை 0.06 மி.மீ.தான்; மூடிக்கு அது பொருட்டே இல்லை, அச்சுகளுக்கோ பெரிய நிம்மதி. மூலைகளில் வேகம் அதிகம் குறையாமலும் பார்த்துக்கொண்டார்கள். கத்தி வெட்டாமல் உரசிக்கொண்டிருந்தால் 304 தகடு கெட்டிப்பட்டுவிடும்.

எண்ட் மில் எனப்படும் சுழலும் வெட்டுக் கத்தியையும் யோசித்தே தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெட்டுப் பள்ளங்கள் வலப்பக்கமாகச் சுருண்டிருக்கும் வழக்கமான வலச்சுருள் கத்தி தகட்டை மேலே தூக்கும். இவர்கள் வலப்புறம் சுழன்று வெட்டும் இடச்சுருள் கத்தியைப் போட்டு, தகட்டை அதைத் தாங்கும் படுக்கையோடு அழுத்தியே வெட்டினார்கள். செதில்கள் கீழ்நோக்கி விழுவதால், விளிம்புக்கு அடியில் படுக்கையில் பள்ளமும் விட்டிருந்தார்கள்.

மலைக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மூடியைப் பிடித்திருப்பது, அடியிலுள்ள காற்றைப் பம்பால் உறிஞ்சிப் பிடிக்கும் வாக்குவம் ஃபிக்ஸ்ச்சர். அதன் பிடி வளிமண்டல அழுத்தத்தைத்தான் நம்பியிருக்கிறது. சுமார் 1850 மீட்டர் உயரத்தில் அந்த அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். சமவெளியில் பாதரச அளவில் 700 மி.மீ.-ஐ எட்டும் பம்பின் அளவுமானி முள், இங்கே 600-ஐத் தொடவே திணறும். கடல் மட்டத்தை வைத்துப் போட்ட பிடிப்புக் கணக்கு இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதை அறிந்து, கழிவுப் பகுதியில் கூடுதல் கிளாம்புகளைப் போட்டு, வெட்டின் ஆழத்தையும் குறைத்துக்கொண்டார்கள். ஊட்டியில் பட்டறை வைப்பவருக்கு இது இன்னும் இறுக்கமாகும்.

குறைகளும் உண்டு. பிரஸ்ஸில் அடித்த தகடு சற்று விரிந்துகொள்வதால், ஒவ்வொரு மூடியையும் புரோப் என்ற அளவுக் கருவியால் தொட்டு அளந்து பாதையைத் திருத்தியே ஆக வேண்டும். அது சரிதான், ஆனால் அதற்குத் தனிக் கட்டணம் என்பது கொட்டேஷனில் இல்லாமல் பில்லில்தான் வந்தது. முடிந்த மூடிகளை இடையில் தாள்கூட வைக்காமல் அடுக்கியதால் பலவற்றில் கீறல் விழுந்தது. பாதுகாப்புப் படலத்தை உரிக்க வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

சில டஜன் துண்டுகளுக்கும் மாதிரிகளுக்கும் இந்தப் பட்டறையைத் தயங்காமல் சொல்வேன். ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால், தகட்டைத் தொடாமலே வெட்டும் முப்பரிமாண லேசரைத் தேடிச் சமவெளிக்கு இறங்குவதே சிக்கனம்.