ஆழ்கடல் நத்தையின் இனம் காண எதை நம்பலாம்: ஓடா, அராவு நாக்கா, டிஎன்ஏவா?

பினாங்கை ஒட்டிய மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. அதனால் இங்குள்ள தமிழ் மாணவர்களின் கைக்கு ஆழ்கடல் நத்தை பெரும்பாலும் வெற்று ஓடாகவே வந்து சேர்கிறது. ஓட்டை வைத்து மட்டும் பெயர் சூட்டிவிடலாமா என்பதே கேள்வி.

ஓட்டின் சுருள், வரிகள், வாயின் அமைப்பு, நுனியில் எஞ்சியிருக்கும் இளம்பருவ ஓடு ஆகியவை குடும்பத்தையும் பெரும்பாலும் பேரினத்தையும் காட்டிக் கொடுக்கும். இனம் (சிற்றினம்) என்று வரும்போதுதான் ஓடு இரு திசைகளிலும் ஏமாற்றுகிறது. 2001இல் இந்தியப் பெருங்கடலின் அடியிலுள்ள கைரே வெந்நீர் ஊற்றில் கண்டறியப்பட்ட செதிற்கால் நத்தைக்கு, காலிலுள்ள செதில்களிலும் ஓட்டிலும் இரும்பு சல்பைடு படிந்து கருமை ஏறியிருந்தது. பின்னர் அதே கடலின் சாலிடேர் ஊற்றில் கிடைத்தவையோ, அந்த இரும்புப் படிவு இல்லாமல் வெளுத்திருந்தன. கண்ணால் பார்ப்பவர் இரண்டு இனம் என்றே சொல்லியிருப்பார். டிஎன்ஏ ஒப்பீடு ஒரே இனம் என்று காட்டியது. 2015இல் கிரைசோமல்லான் ஸ்குவாமிஃபெரம் என்று முறைப்படி விவரிக்கப்பட்டது. ஆல்வினிகோங்கா என்ற ஆழ்கடல் நத்தைப் பேரினத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1988இல் ஒரே இனத்துக்குப் பெயரிட்டிருந்தார்கள். ஓட்டை வைத்துப் பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒத்திருந்தவற்றை டிஎன்ஏ பிரித்துக் காட்டியதால், 2014இல் மேலும் ஐந்து இனங்கள் பெயர் பெற்றன.

உணவைச் சுரண்டும் பல்வரிசை கொண்ட அராவு நாக்கு, அதாவது ராடுலா, இடைநிலைச் சான்று. சதையைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்தால் கைட்டினாலான பல்வரிசை மட்டும் மிஞ்சும். அதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் குடும்பமும் உணவுப் பழக்கமும் பெரும்பாலும் தெளிவாகும். நெருங்கிய இனங்களைப் பிரிக்க மட்டும் அது பல நேரங்களில் போதாது.

அப்படியானால் டிஎன்ஏவே போதுமே என்று தோன்றலாம். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இனம் காண வழக்கமாகப் படிக்கப்படும், மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சிஓஐ (COI) மரபணுத் துண்டு தாய்வழி மரபை மட்டுமே சொல்வது. தரவுத்தளத்தில் ஒப்பிட இணை இல்லாவிட்டால் அது எந்தப் பெயரையும் தராது. அதைவிடப் பெரிய தடை, பழைய பெயர்கள் பலவும் ஓடுகளோடு பிணைந்திருப்பதுதான். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்ற கடலாய்வுக் கப்பல் அள்ளிவந்த நத்தைகளுக்குப் பெரும்பாலும் ஓட்டைப் பார்த்தே பெயர் வைத்தார்கள். இன்று கிடைக்கும் இனம் அவற்றில் ஒன்றா, புதியதா என்று முடிவு செய்ய, அருங்காட்சியகத்திலுள்ள அந்த மூல மாதிரி ஓட்டோடுதான் ஒப்பிட்டாக வேண்டும்.

ஆகவே இனங்களின் எல்லையை டிஎன்ஏ வரையட்டும், பெயரை ஓடு சொல்லட்டும் என்பதே என் முடிவு. கையில் இருப்பது வெற்று ஓடு மட்டுமென்றால், பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. பிடித்த இடமும் ஆழமும் எழுதப்படாத ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்குப் பெரிதாக உதவாது.

உயிரோடு கிடைத்தால், முதலில் படம் எடுத்துவிட்டு 95 விழுக்காடு எத்தனாலில் இட வேண்டும். பார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். நத்தை உள்ளே ஒடுங்கி மூடியால் வாயை இறுக அடைத்துக்கொண்டால் எத்தனால் சதையை எட்டாமல் உள்ளேயே அழுகிவிடும் என்பதால், ஓட்டில் சிறு துளையிட்ட பிறகே அமிழ்த்துவது நல்லது.