பாகராக்கில் "ரைன் தெரியும் அறை" எடுக்கும் முன்

ஜெர்மனியில் ரைன் கரையில் இருக்கும் பாகராக் ஊருக்குப் போகிறவர்கள், அறை பதிவு செய்யும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன ஜூலையில் நானும் மனைவியும் ஐந்து வயது மகளும் அங்கே இரண்டு இரவு தங்கினோம். "ரைன் தெரியும் அறை" என்று போட்டிருந்ததால் இரவுக்கு 30 யூரோ கூடுதலாகக் கொடுத்தோம். நதி தெரிந்தது, பொய் இல்லை. ஆனால் ஜன்னலுக்கும் நதிக்கும் நடுவில் கோப்லென்ஸ்–மைன்ஸ் ரயில் பாதை. அந்த ஊரின் அமைப்பே அப்படி: பழைய மதில், அதை ஒட்டித் தண்டவாளம், அப்புறம் நெடுஞ்சாலை, அதற்கும் அப்பால்தான் தண்ணீர். விளம்பரப் படத்தில் தண்டவாளம் வராதபடி எடுத்திருந்தார்கள்.

ராத்திரி சரக்கு ரயில் போகும்போது மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடித் தம்ளர் தட்டோடு உரசிக் கிணுகிணுத்தது. ஏசி கிடையாது, ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். அக்கரையிலும் ஒரு ரயில் பாதை இருக்கிறது. பள்ளத்தாக்கு என்பதால் அந்தச் சத்தமும் வந்து சேர்ந்தது. மகள் நான்கு முறை எழுந்து அழுதாள். கட்டிலின் பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய மஞ்சள் நிறக் காதடைப்பான்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் தாங்கவில்லை. தெரிந்தேதானே விற்றிருக்கிறார்கள்!

காலையில் கேட்டால், வேறு அறை இல்லை, பணமும் திரும்பாது என்றார்கள். சரி என்று விட்டேன்.

கிளம்பும்போது அடுத்தது. மொத்தம் 260 யூரோ. கார்டு மெஷின் யூரோவா, ரூபாயா என்று கேட்கும். நம்மிடம் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். வரவேற்பில் இருந்தவர் தானே ரூபாயை அழுத்திவிட்டு, PIN நம்பருக்கு மட்டும் என்னிடம் நீட்டினார். அந்த மெஷின் போட்ட மாற்று விகிதத்தில் 25,480 ரூபாய் போனது. யூரோவில் போட்டிருந்தால், வங்கிக் கட்டணம் சேர்த்தும் 24,300-ஐத் தாண்டியிருக்காது.

ஊர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. 1368-ல் கட்டியதாகச் சொல்லப்படும் மரச்சட்ட வீடு இன்னும் நிற்கிறது, மேலே ஷ்டாலெக் கோட்டை, சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். கட்டாயம் போங்கள். அறை மட்டும் ஷ்டேக் பள்ளத்தாக்குப் பக்கம், தண்டவாளத்தைவிட்டுத் தள்ளி எடுங்கள். எந்தப் பக்கம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மெஷினில் யூரோ என்று பார்த்த பிறகே PIN நம்பர் போடுங்கள்.

வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். ரசீதின் அடியில் பொடி எழுத்தில், ரூபாயில் செலுத்த நானே விரும்பியதாக அச்சாகியிருக்கிறது. அதைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள்.